பழைய ஜீப்புக்கு எந்த ரோல் பார்: ஒற்றை வளைவா, ஃபேமிலி பாரா, முழுக் கூண்டா?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். 1970களில் வந்த மஹிந்திரா சிஜே-3பி ஜீப் ஒன்றை வாங்கிச் சரிசெய்துகொண்டிருக்கிறீர்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் பிள்ளைகள். மாதம் ஒருமுறையாவது மலைத்தோட்டத்துக்கு மண்பாதையில் ஏற வேண்டும். வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்க மேலே ஒரு இரும்புப் பைப் வளைவு, அதாவது ரோல் பார், போட நினைக்கிறீர்கள். பட்டறைக்காரர் மூன்று மாதிரி காட்டியிருக்கிறார்: முன்சீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை வளைவு, பின்சீட்டையும் சேர்த்து வளைக்கும் 'ஃபேமிலி பார்', முன்கண்ணாடி வரை வரும் முழுக் கூண்டு. எதைப் போடுவது, என்ன பைப், பிடிப்பது பாடியிலா, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸிலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பின்சீட்டில் ஆள் உட்காரும் வண்டிக்கு ஒற்றை வளைவு போதாது. ஃபேமிலி பார் போடுங்கள், அதுவும் சாய்வு முட்டு உள்ளதாக. முழுக் கூண்டு உங்கள் வண்டிக்கு வேண்டாம் என்பேன். காரணம் பின்னால் வருகிறது. ஆனால் இந்த மூன்றில் எது என்று யோசிப்பதற்கு முன்னால், பாரின் கால் எங்கே ஊன்றப் போகிறது என்று பாருங்கள். மேலே எவ்வளவு நல்ல பைப் வளைந்து நின்றாலும், கீழே அதைத் தாங்கப் போவது ஐம்பது வருடத்துப் பழைய தகடு.

இதை நான் ஒரு வண்டியைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஏறும் பாதையில் குடைசாய்ந்த ஒரு மஹிந்திரா எம்எம்540 ஜீப்பைப் பட்டறையில் நிறுத்தியிருந்தார்கள். ஒற்றை வளைவு போட்ட வண்டி. வளைவில் ஒரு நெளிவுகூட இல்லை, மேல்பக்கம் பெயிண்ட் உரிந்து மண் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். குனிந்து கீழே பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது. பாரின் இடது காலுக்குக் கீழே உள்ளங்கை அளவு தகடு, அதில் இரண்டே போல்ட். சுற்றியிருந்த தளத்தகடு பால் டின் மூடியைக் கத்தியால் கிழித்தது மாதிரி கிழிந்து, கால் நாலு விரற்கடை ஆழம் கீழே இறங்கியிருந்தது. வலது கால் அசையவில்லை. அதனால் வளைவு மொத்தமும் ஒருபக்கம் சரிந்து, முன்பக்கம் குனிந்து, டிரைவர் சீட்டின் முதுகில் சாய்ந்து கிடந்தது. ஓட்டியவர் தோள்பட்டை எலும்பு முறிவோடு பிழைத்தார். பைப் தன் வேலையைச் செய்யத் தயாராகத்தான் இருந்திருக்கிறது, நிற்பதற்கு அதற்குத் தரை கிடைக்கவில்லை.

சரி, வடிவங்களுக்கு வருவோம்.

ஒற்றை வளைவு என்பது 'ப' எழுத்தைக் கவிழ்த்துப் போட்டது. இரண்டு கால், மேலே ஒரு விட்டம். தலைக்கு மேலிருந்து நேராகக் கீழே அழுத்தினால் நன்றாகத் தாங்கும். ஆனால் ஜீப் அப்படி நேராகத் தலைகீழாக விழுவது அபூர்வம். சரிவில் ஒரு பக்கச் சக்கரம் ஏறி, மெல்லச் சாய்ந்து, முன்மூலையோ தோள்பக்கமோ முதலில் தரையில் படும். அப்போது பாரின் மேல்மூலையை யாரோ பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் பிடித்துத் தள்ளுவது போன்ற அழுத்தம் வரும். கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். மேலே பத்துப் பேர் உட்கார்ந்தாலும் நிற்கும். தலைமாட்டில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினால் நான்கு காலும் ஒரே பக்கம் சாயும். கட்டிலின் சட்டங்கள் முறிவதில்லை, மூட்டுகள்தான் இளகுகின்றன. ஒற்றை வளைவும் அப்படித்தான். முன்பின் தள்ளலுக்கு அதில் எந்த முட்டும் கிடையாது. காலடியில் இருக்கும் தகடும் போல்ட்டும் மட்டுமே அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், அதுதான் அங்கே மிகவும் பலவீனமான இடம்.

பந்தல்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பந்தக்காலை நட்டதும் சாய்வாக ஒரு முட்டு கொடுப்பார்கள், இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே பந்தல் படுத்துவிடும். வளைவின் மேல்மூலையிலிருந்து பின்னோக்கிச் சாய்வாக இறங்கி, பின்சக்கர மேடையிலோ தளத்திலோ ஊன்றும் இரண்டு பின்முட்டுகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. இந்த நான்கு கால் அமைப்புதான் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பந்தயங்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் பின்முட்டுக்குச் சொல்லும் சாய்வு, செங்குத்திலிருந்து குறைந்தது 30 டிகிரி. அதைவிட நிமிர்த்தி வைத்தால் முட்டு வெறும் இன்னொரு காலாகிவிடும், தள்ளலைத் தாங்காது. 80 அங்குல வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம்) கொண்ட சிஜே-3பியில் பின்னால் இடம் குறைவு என்பதால், பட்டறைகளில் முட்டைச் செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள். அளவெடுக்கும்போதே இதைச் சொல்லிவையுங்கள். முட்டு வளைவைத் தொடும் இடமும் முக்கியம்: வளைவின் மேல்மூலைக்குப் பக்கத்தில் சேர வேண்டும். பாதி உயரத்தில் ஒட்டினால், அழுத்தம் வரும்போது வளைவு அந்த ஒட்டுக்கு மேலே மடங்கும்.

அடுத்தது பக்கவாட்டுத் தள்ளல். இதற்கு வளைவுக்குள்ளே ஒரு மூலைவிட்டம் வேண்டும், டிரைவர் பக்க மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ்மூலைக்கு. இதை வைக்கச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். பின்னால் ஏறி இறங்க இடைஞ்சல், சாமான் வைக்க முடியாது என்கிறார்கள். உண்மைதான். உங்கள் வண்டியில் பிள்ளைகள் முன்பக்கமாகத்தான் உள்ளே ஏற வேண்டும் என்றால் மூலைவிட்டத்தைப் பின்முட்டுகளுக்கு இடையில் போட்டுக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் வளைவின் மேல்மூலைகள் இரண்டிலும் முக்கோணத் தகடு வைத்து வெல்ட் செய்யச் சொல்லுங்கள். முழு மூலைவிட்டத்துக்கு அது ஈடாகாது, ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

இனி ஃபேமிலி பார். பழைய ஜீப்புகளில் எனக்குப் பிடித்தது இதுதான். முன்சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு, பின்பக்கக் கதவை ஒட்டி இன்னொரு வளைவு, இரண்டையும் மேலே இரண்டு நீள பைப்புகள் இணைக்கும். பின்சீட்டில் உட்காருகிறவர்களின் தலைக்கும் தரைக்கும் நடுவே அப்போதுதான் ஏதாவது ஒன்று இருக்கும். நம் ஊர் ஜீப்புகளில் இது ஏன் அவசியம் என்றால், இங்கே ஜீப் இரண்டு பேர் வண்டியாக ஓடுவதே இல்லை. மலைக்கிராமங்களுக்குப் போகும் ஜீப்புகளில் பின்னால் எட்டுப் பேர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒற்றை வளைவு அவர்களில் ஒருவருக்குக்கூடப் பாதுகாப்பு இல்லை. சொல்லப்போனால், வண்டி சாயும்போது அவர்கள் தலை போய் மோதும் ஒரே கடினமான பொருள் அந்த வளைவுதான்.

ஃபேமிலி பாரில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது. இரண்டு வளைவு, மேலே இரண்டு இணைப்பு, பார்க்கப் பெட்டி மாதிரி கம்பீரமாக இருக்கும். ஆனால் சாய்வாக ஒரு பைப்கூட இருக்காது. எல்லாமே செவ்வகம், அதாவது மறுபடியும் அதே கயிற்றுக் கட்டில். முன்வளைவின் மேல்மூலையிலிருந்து பின்வளைவின் காலடிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாய்வு பைப் போட்டுவிட்டால் அந்தப் பெட்டி முக்கோணங்களாக மாறிவிடும். பெஞ்ச் சீட்டின் முதுகுக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்ளும், உட்கார இடைஞ்சலும் இல்லை. கூடுதல் செலவு பக்கத்துக்கு ஒரு பைப்பும் இரண்டு மணி நேர வேலையும்தான். மேலே கூரைப்பக்கம் ஒரு மூலைவிட்டம் போட முடிந்தால் இன்னும் நல்லது.

ஜீப் தயாரிப்பாளர்களே இந்த வழியில்தான் வந்தார்கள். 1941-ல் வந்த வில்லிஸ் எம்பியில் ரோல் பார் என்ற பேச்சே இல்லை. கண்ணாடியைக் கூடப் பானட்மேல் மடித்துப் போடும் போர்க்கால வண்டி அது. அதற்குப் பின்வந்த அமெரிக்க ராணுவ ஜீப்பான எம்151, சாலைத் திருப்பங்களில் கவிழ்ந்து பேர் வாங்கியது. பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றினார்கள், கடைசியில் 1980களில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகத்தையும் தனிக் கிட்டாகக் கொடுத்துப் பொருத்தினார்கள். பொதுமக்கள் வாங்கிய சிஜே-5 பற்றி 1980 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கவிழும் சோதனைகளைக் காட்டியதும் பெரிய சர்ச்சையானது. 1987-ல் அடுத்த ஜீப்பான ராங்ளர் வந்தபோது வளைவோடுதான் வந்தது. பின்சீட்டுக்கும் தோள்பெல்ட் வேண்டும் என்றானதும் 1992-ல் அந்த பாரைப் பின்னுக்கு நீட்டினார்கள். பின்சீட்டில் இருப்பவருக்கு பெல்ட் மாட்ட ஒரு இடம் வேண்டும் என்பதற்காகவே பார் நீண்டது. ஃபேமிலி பார் என்று நாம் சொல்வதும் அதே யோசனைதான். இன்னொன்றும் கவனியுங்கள், அந்தக் கம்பெனி அதை 'ஸ்போர்ட் பார்' என்றுதான் எழுதியது. பெயரில் பாதுகாப்பு உத்தரவாதம் கொடுத்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு எச்சரிக்கை. மேட் ஃபினிஷ் பெயிண்டும் நான்கு ஃபாக் லைட்டும் போட்ட பாரை 'சேஃப்டி' என்று விற்கும்போது நாமும் அந்த எச்சரிக்கையோடு இருப்பது நல்லது.

முழுக் கூண்டு ஏன் வேண்டாம் என்கிறேன் என்று சொல்ல வேண்டும். பொறியியலாகப் பார்த்தால் மூன்றில் வலுவானது அதுதான், சந்தேகமே இல்லை. முன்கண்ணாடியை ஒட்டி இன்னொரு வளைவு, அதன் கால்கள் டேஷ்போர்டைத் தாண்டி முன்தளத்தில் ஊன்றும், மேலே அதையும் முன்சீட்டுக்குப் பின்னால் நிற்கும் நடுவளைவையும் இணைக்கும் பைப்புகள். வண்டி குட்டிக்கரணம் போட்டாலும் உள்ளே இடம் சுருங்காது. போட்டிகளில் இறங்குபவர்கள் இதைத்தான் போட வேண்டும். ஆனால் போட்டியில் தலையில் ஹெல்மெட் இருக்கும், உடம்பை நான்கைந்து புள்ளியில் இறுக்கிக் கட்டிய பெல்ட் இருக்கும். சிஜே-3பியின் முன்சீட்டில் சாதாரணமாக உட்கார்ந்து பாருங்கள். கூண்டின் முன்பைப் உங்கள் நெற்றிக்கு ஒரு முழம் தள்ளி வருகிறது, பக்கப் பைப் காதுக்கு ஒரு சாண். தோட்டத்துக்குப் போகிற வழியில் பள்ளத்தில் ஒரு குலுக்கு, டவுனில் முன்வண்டியில் ஒரு சின்ன இடி. நூறு பயணத்தில் ஒருமுறை நடக்கக்கூடியது இது. வண்டி கவிழ்வது அதைவிட எத்தனையோ மடங்கு அரிது. அரிதானதைத் தடுக்கப் போய், அடிக்கடி நடப்பதில் மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு மேல், முன்கால்கள் இறங்கும் இடத்தில் டிரைவரின் முழங்காலும் கிளட்ச் பெடலும் இருக்கின்றன. கதவில்லாத பழைய ஜீப்பில் ஏறும்போது பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்பதைத் தவிர, தினசரி ஓட்டத்தில் அந்தப் பைப்பால் நன்மை ஏதும் இல்லை.

முழுக் கூண்டுக்கும் ஃபேமிலி பாருக்கும் நடுவில் ஒரு மாதிரி உண்டு. நடுவளைவிலிருந்து இரண்டு பைப்பை முன்னுக்குக் கொண்டுவந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்பக்கம் போல்ட் போட்டு விடுவார்கள். பார்க்க முழுக் கூண்டு மாதிரியே இருக்கும். இதை மட்டும் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சட்டம் மடிவதற்காகவே செய்யப்பட்டது. கீழே இரண்டு கீல், பக்கத்தில் இரண்டு பூட்டு, வேறொன்றும் அதைப் பிடிக்கவில்லை. அழுத்தம் வந்தால் கண்ணாடிச் சட்டம் முதலில் போகும், பின்னாலேயே அந்தப் பைப்புகளின் முனை உள்ளே வரும்.

வண்டிக்கு வெளியே போடும் கூண்டும் உண்டு, லேண்ட் ரோவர்களில் அதிகம் பார்க்கலாம். உள்ளே தலை மோத ஒன்றும் இருக்காது என்பது அதன் நல்ல குணம். ஆனால் கேன்வாஸ் ஹூட் போட்ட ஜீப்புக்கு அது ஒத்துவராது.

இப்போது கால் ஊன்றும் விஷயம். நான் மேலே சொன்ன போடி வண்டி நினைவிருக்கட்டும்.

பழைய ஜீப்பின் பாடி சேசிஸ்மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கிறது. பள்ளம் மேட்டில் போகும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், பாடி அதற்கு ஏற்றபடி கொஞ்சம் தனியே அசையும். அது குறையல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பாரைத் தளத்தில் ஓட்டைபோட்டு இறக்கி சேசிஸோடு நேரே வெல்ட் செய்துவிட்டால், சேசிஸ் ஒரு பக்கம் இழுக்க, பாடி ஒரு பக்கம் இழுக்க, ஆறு மாதத்தில் கால் இறங்கும் ஓட்டையைச் சுற்றித் தகடு வெடிக்கத் தொடங்கும். பாடியில் மட்டும் பிடித்தால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் தகடு மெலிது, ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். நான் பரிந்துரைப்பது நடுவழி. பாரின் கால் தளத்தகட்டின்மேல் நிற்கட்டும். காலடித் தகட்டுக்கு நேர் கீழே, தளத்தின் அடியில், அதே அளவோ பெரிதோ ஆன எதிர்த்தகடு. தளத்தகடு நடுவில் மாட்டிக்கொள்ள, மேல்தகட்டையும் எதிர்த்தகட்டையும் போல்ட்டுகள் சேர்த்து இறுக்கும். அந்த எதிர்த்தகட்டிலிருந்து சேசிஸுக்கு ஒரு பிராக்கெட், நடுவில் பாடி மவுன்ட்டுக்குப் போடும் ரப்பர் புஷ். முறுக்கலுக்கு ரப்பர் இடம் கொடுக்கும். வண்டி கவிழ்ந்து பளு வந்தால் கால் தகட்டைக் கிழித்துக்கொண்டு போகாமல் சேசிஸில் போய் உட்காரும்.

அளவுக்கு எஃப்ஐஏ சொல்வதையே வைத்துக்கொள்ளலாம்: முக்கிய வளைவின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மி.மீ. கனமும் உள்ள தகடு, குறைந்தது மூன்று எம்8 (8 மி.மீ. விட்ட) போல்ட், 8.8 தரத்தில். பழைய தகடு என்பதால் நான் எம்10 போல்ட் நான்கு போடச் சொல்வேன். கடையில் போல்ட் வாங்கும்போது தலையில் '8.8' என்று எண் பதித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எண் இல்லாத போல்ட் அலமாரிக்கு ஆகும், இதற்கு ஆகாது. போல்ட் ஓட்டைகளைக் காலுக்கு ஒரே பக்கத்தில் வரிசையாக வைக்காமல் சுற்றி வரும்படி வைக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. தளத்துக்கு அடியில் குறுக்காக ஓடும் தொப்பி வடிவச் சட்டங்கள் இருக்கும், பாடியைத் தாங்குபவை அவைதான். போர்க்கால வில்லிஸ் வண்டிகளில் அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்தே துருவேற்றியது அது. பிந்தைய வண்டிகளிலும் சேறு புகுந்து அதே கதிதான். வண்டியை மேடேற்றி, ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். சட்டத்தை நீளத்துக்கும் குத்திக்கொண்டே வாருங்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் சரி. 'சொத்' என்று உள்ளே போனால், ரோல் பார் காசை முதலில் தகட்டு வேலைக்குச் செலவிடுங்கள். பெயிண்டும் அண்டர்கோட்டும் அடித்துப் பளபளவென்று இருக்கிற வண்டியில்தான் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

வெல்டிங் பற்றியும் ஒரு எச்சரிக்கை. சிஜே-3பியில் பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பார் நிற்கப் போகும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால். டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைக்காமல் தளத்தில் ஒரு பொறிகூடப் பறக்க விடாதீர்கள். ஈரச்சாக்கு போட்டு மூடிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பேட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும்.

பைப்புக்கு வருகிறேன், கேள்வியில் அதிகம் கேட்டிருப்பது இதைத்தான். பட்டறைகளில் மூன்று விதம் புழங்குகிறது. முதலாவது, தண்ணீர்க்குழாய்க்கு வரும் 'பி கிளாஸ்', 'சி கிளாஸ்' பைப். இரண்டாவது, மாடிப்படிக் கைப்பிடிக்கு வரும் ஸ்டெயின்லெஸ் பைப். மூன்றாவது, வண்டி வேலைக்கென்றே வரும் டியூப்.

ஸ்டெயின்லெஸை முதலில் தள்ளிவிடலாம். கைப்பிடி பைப்பின் கனம் பெரும்பாலும் ஒன்றரை மி.மீ.தான். மினுமினுக்கும், துருப்பிடிக்காது, கவிழ்ந்தால் வளையும் இடத்தில் நசுங்கும்.

தண்ணீர்க்குழாய் அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியதல்ல, அதனால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எஃப்ஐஏ முக்கிய வளைவுக்குக் கேட்பது, குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் (வெல்டிங் தையல் இல்லாத) கார்பன் ஸ்டீல், குறைந்தது 350 மெகாபாஸ்கல் இழுவிசை வலு, 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. கனம் அல்லது 50 மி.மீ. விட்டம் 2 மி.மீ. கனம். மற்ற பைப்புகளுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. ஒன்றரை அங்குல பி கிளாஸ் குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ., கனம் 3.2. வளையாமல் நிற்கும் விறைப்பை மட்டும் பார்த்தால் இந்தக் குழாய் 45-க்கு 2.5 டியூபைவிட ஒன்றரை மடங்கு. அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? முதலில் எடை: மீட்டருக்கு மூன்றரை கிலோ, டியூபோ 2.6 கிலோ. அடுத்து, அது தண்ணீர் கசியாமல் போக வேண்டும் என்று செய்த பொருள். நீளவாக்கில் ஓடும் வெல்டிங் தையல் கூர்மையான வளைவில் பிரியாது என்று யாரும் அதற்கு உறுதி தந்ததில்லை. மூன்றாவது, ஜிஐ என்றால் மேலே துத்தநாகப் பூச்சு. வெல்ட் செய்யும்போது வரும் வெள்ளைப்புகை வெல்டருக்குக் காய்ச்சல் வரவைக்கும், பூச்சு உருகி வெல்டுக்குள் போய் மூட்டில் துளைகள் விழும். நான்காவதுதான் பெரியது: பிளம்பர்கள் வைத்திருக்கும் ஹைட்ராலிக் பெண்டரில் அதை வளைத்தால் உட்பக்கம் சுருக்கம் விழுந்து குழாய் தட்டையாகிறது. தட்டையான இடம்தான் முதலில் மடியும். வட்டம் எவ்வளவு நசுங்கலாம் என்பதற்கும் எஃப்ஐஏ அளவு உண்டு; குறுகிய விட்டம் அகன்ற விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையக் கூடாது. வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும். வெர்னியர் காலிப்பர் ஒன்றைக் கையில் கொண்டுபோய், வளைத்த இடத்தில் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

கேட்டு வாங்க வேண்டியது ஐஎஸ் 3074 தரத்து ஆட்டோமொபைல் டியூப். அதில் சீம்லெஸ் கிடைத்தால் முதல் தேர்வு. இல்லாவிட்டால், வெல்ட் செய்து பிறகு குளிர்நிலையில் இழுத்த டியூப், கடைகளில் சிடிடபிள்யூ என்பார்கள். மலைப்பாதை ஜீப்புக்கு அது தாராளம். இரண்டு அளவுகளில் என் தேர்வு 50-க்கு 2. கணக்குப் போட்டால் 45-க்கு 2.5-ஐவிட விறைப்பு சுமார் 15 சதவீதம் கூடுதல், எடை சுமார் 10 சதவீதம் குறைவு. ஆனால் சுவர் மெலிது என்பதால் நல்ல பெண்டிங் மிஷின் வேண்டும், வெல்டரின் கையும் சீராக இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பட்டறையில் அந்த வசதி இல்லையென்றால் 45-க்கு 2.5 போடுங்கள், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் வெல்டிங் பக்குவம் தெரிந்தவர் கையில் மட்டுமே அது வலு, மற்றவர் கையில் மூட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும். உங்களுக்குத் தேவையில்லை.

மூட்டில் இரண்டு பைப் சேரும் இடத்தை மீன்வாய் மாதிரி குடைந்து பொருத்தியிருக்கிறார்களா என்று வெல்ட் செய்வதற்கு முன்பே போய்ப் பாருங்கள். நேராக வெட்டி வைத்து, இடைவெளியை வெல்டிங் ராடால் நிரப்பி, மேலே கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஓரம் விடாமல் முழுச்சுற்றும் வெல்ட் வர வேண்டும். பெயிண்ட் அடிக்கும் முன் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

எடை விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சிஜே-3பியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் சுமார் 1225 மி.மீ. அதில் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வண்டி எவ்வளவு நிலையானது என்று ஒரு எண் கிடைக்கும். பெரிதாக இருந்தால் நல்லது. கணக்குக்காக வண்டி ஆட்களோடு 1100 கிலோ, மையம் 600 மி.மீ. உயரம் என்று வைப்போம். எண் 1.02. இதில் 40 கிலோ கூண்டு, அதன் மையம் 1300 மி.மீ. உயரத்தில் என்றால், வண்டியின் மையம் 25 மி.மீ. மேலே போகும், எண் 0.98 ஆகும். கவிழ்வதிலிருந்து காக்கப் போட்டது, கவிழ்வதைக் கொஞ்சம் எளிதாக்குகிறது. பின்முட்டுள்ள ஒற்றை வளைவு தகடுகளோடு 16 கிலோ சுமாருக்கு முடியும், ஃபேமிலி பார் 30-க்குள். தண்ணீர்க்குழாயில் முழுக் கூண்டு கட்டினால் 60-ஐத் தொடும். பார்மேல் கேரியர் வைத்துச் சாமான் ஏற்றுவதையும், பெரிய டயர் போட்டு வண்டியை இரண்டங்குலம் தூக்குவதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் பாரில் ஸ்டெப்னிகூட மாட்டக் கூடாது.

பெல்ட் இல்லாத வண்டியில் ரோல் பார் இருந்து பயனில்லை. வண்டி சாயும்போது ஆள் வெளியே விழுவார், அதே பார் அவர்மேல் விழும். பழைய சிஜே-3பியில் பெல்ட் கிடையாது. பார் போடும்போதே முன்சீட்டு இரண்டுக்கும் மூன்று புள்ளி பெல்ட் போடுங்கள். மேல் ஆங்கர், அதாவது பெல்ட்டின் மேல்முனையை மாட்டும் இடம், நடுவளைவில் தோள் உயரத்திலோ சற்று மேலோ இருக்கட்டும். தோளுக்குக் கீழே போனால் இடியில் முதுகெலும்பை அமுக்கும். பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் சரியாக வேலை செய்யாது. பிள்ளைகளுக்காக ஒரு சின்ன முன்நோக்கு சீட்டைப் பின்னால் வைக்க முடிந்தால், ரோல் பார் செலவில் பாதியைக் குறைத்தாவது அதைச் செய்யுங்கள். 2020-ல் வந்த மஹிந்திராவின் புதிய 'தார்' ஜீப்பின் நான்கு சீட் வகைகளில் கூண்டும் முன்நோக்கிய பின்சீட்டும் சேர்ந்தே வந்தன, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. பைப்மேல் சுற்றும் பேடிங்குக்கு ஏசி குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற ஃபோம் ஆகாது, விரலால் அழுத்தினாலே இரும்பு தட்டுப்படும். ரோல் கேஜுக்கென்றே வரும் கெட்டியான பேடிங்கை, தலை எட்டும் இடமெல்லாம் சுற்றுங்கள். முன்சீட்டின் முதுகு உங்கள் தோள்வரைகூட வராது என்பதால், பின்னாலிருந்து ஒரு இடி வந்தால் பின்மண்டை நேரே வளைவில்தான் படும். தலைதாங்கி உள்ள சீட்டாக மாற்றிவிடுங்கள்.

சட்டப்படியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறான மாற்றங்களை அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வேலைக்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். பாரை போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்துகொள்வது அந்த வகையிலும் நல்லது.

அளவெடுக்கப் பட்டறைக்குப் போகும்போது வீட்டில் உயரமானவர் யாரோ அவரையும், கேன்வாஸ் ஹூட்டையும் அதன் கம்பிகளையும் கூடவே கொண்டுபோங்கள். அவரை டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்காரவைத்து, உச்சந்தலைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி விட்டு வளைவின் உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஹூட்டை மாட்டிப் பாருங்கள், துணி பைப்பில் உரசினால் ஒரே மழைக்காலத்தில் கிழியும். மூலையை ஒரு விரல் உள்ளே தள்ளினால் சரியாகிவிடும், ஆனால் அதை வளைப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.